பிக்குன் அக்காவின் பத்து வினாடி

நான் பொறுமைசாலி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறைப்பட்டுக்கொள்ளக் கூடாது. தோன்புரிப் பக்கம் இருபத்தாறு வருஷமாகச் சிவப்பு பஸ் ஓட்டுகிறேன். முன்னால் போகிற பைக்குக்காரன் பிரேக் பிடித்தால் எனக்குக் கோபம் வரும். பிடிக்காவிட்டாலும் வரும். இப்படிப்பட்டவனோடு ஒரே பஸ்ஸில் பத்தொன்பது வருஷம் கண்டக்டராகக் குப்பை கொட்டியவள் பிக்குன் அக்கா. அவளுக்குக் கோயில் கட்ட வேண்டும்.

என்னைவிட ஆறு வயது மூத்தவள். தொண்டை என்றால் அப்படி ஒரு தொண்டை. டிக்கெட்டும் சில்லறையும் வைக்கிற தகரக் குழலைக் கிளிக் கிளிக்கென்று தட்டிக்கொண்டு, "உள்ள போங்க, உள்ள போங்க! வாசல்ல என்ன பொம்மலாட்டமா நடக்குது?" என்று ஒரு சத்தம் கொடுத்தால், பஸ்ஸில் இருப்பவர்கள் மட்டுமல்ல, ரோட்டோரத்தில் பன்றிக்கறியைக் குச்சியில் சுட்டு விற்கிறவன்கூட இரண்டடி உள்ளே தள்ளி நிற்பான்.

அவள் இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. "புருஷன் போட்ட கையெழுத்து" என்பாள். அந்த ஆளை அவள் விட்டுவிட்டு வந்தது நான் அவளைப் பார்ப்பதற்கு முன்பு. டிப்போவுக்குப் பின்னால் ஒரு அறை, ஒரு பூனை, ஒரு செல்போன். அந்த செல்போனில்தான் அவளுடைய உலகமே இருந்தது.

பையனும் பையனும் காதலிக்கிற தொடர்கள். எங்கள் ஊரில் வாரத்துக்கு நாலு புதிதாக வருகிறது. அக்கா எல்லாவற்றையும் பார்ப்பாள், ஆனால் உயிரை விட்டது 'அக்கரைக்கு ஒரு டிக்கெட்' என்கிற தொடருக்குத்தான். படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிற ஒரு பையன். தினமும் ஆற்றைக் கடந்து போகிற, மருத்துவம் படிக்கிற இன்னொரு பையன். டிக்கெட் கிழிக்கிறவனாக நடித்தவன் பெயர் இத்தி, மற்றவன் ரபி. கதை அவ்வளவுதான். இதற்குப் பன்னிரண்டு வாரம்!

டிப்போவில் மதியச் சாப்பாட்டுக்கு வண்டியை நிறுத்தினால், அக்கா எஞ்சின் மூடி மேல் போனைச் சாத்தி வைத்துவிடுவாள். நான் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே எட்டிப் பார்ப்பேன்.

"அக்கா, இவனுங்க எப்பதான் பேசுவானுங்க? நான் போய் டீசல் போட்டுட்டு வந்துடவா?"

"வாய மூடு. பாத்துக்கிட்டிருக்கானுங்கல்ல?"

"அதத்தான் நானும் சொல்றேன். பாத்துக்கிட்டேதான் இருக்கானுங்க. பஸ் ஸ்டாப்புல ஒருத்தன் இப்படி நின்னு பாத்துக்கிட்டிருந்தா நான் விட்டுட்டுப் போயிடுவேன்."

"நீ விட்டுட்டுத்தான் போவே. உனக்கு என்ன தெரியும்?" அக்கா போனை நிறுத்தினாள். "மத்த சீரியல்ல பாரு. பொம்பளையக் கையப் பிடிச்சு தரதரன்னு இழுத்துட்டுப் போவான். கேட்டா காதலாம். இங்க அந்தப் பையன், 'கையப் பிடிச்சுக்கலாமா'ன்னு கேக்கறான்டா. கேட்டுட்டு நிக்கறான். பதில் வர்ற வரைக்கும் நிக்கறான். என்னை எவன்டா அப்படிக் கேட்டான்?"

நான் குனிந்து சோற்றைத் தின்றேன்.

அவள் சேர்ந்திருந்த இத்தி, ரபி ரசிகர் கூட்டத்தில் முக்கால்வாசி காலேஜ் பெண்கள். இவளை "அம்மா" என்பார்கள். இத்தியின் பிறந்தநாளுக்கு அவன் பெயரில் ரத்தம் கொடுத்தார்கள், கோயில் நாய்களுக்குச் சோறு போட்டார்கள். ஒரு விரலால் தட்டித் தட்டி அக்கா அவர்களோடு மணிக்கணக்கில் பேசுவாள். டிக்கெட் குழலில் இத்தி, ரபி படத்தை ஒட்டியிருந்ததைப் பார்த்து, முன்பின் தெரியாத பெண்கள்கூட பஸ்ஸில் அவளைக் கட்டிக்கொண்டு குதிப்பார்கள். வண்டி ஓடும்போது குதிக்காதீர்கள் என்று நான் கத்துவேன். யார் கேட்டார்கள்?

போன வருஷம் மழைக்காலம் முடிகிற நேரம், காலை பத்து மணி இருக்கும். ஒரு நிறுத்தத்தில் ஆட்கள் ஏறிவிட்டார்கள், பின்னாலிருந்து "போலாம்" வரவில்லை. பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன. எனக்கு வந்ததே கோபம்!

"அக்கா! அந்தப் போன உள்ள வை! முத்தம் கொடுத்தானா இல்லையான்னு சாயங்காலம் பாத்துக்கலாம்!"

பஸ்ஸே சிரித்தது. அப்புறம் ஒரு பயணி, "டிரைவர், இந்தம்மா ஒரு பக்கமா சாயறாங்க" என்றார்.

அவர்களைச் சிரிக்க வைத்தவன் நான்தான். நான் வண்டியை மருத்துவமனைக்கு விட்டேன். நாற்பது பயணிகள். ஒருத்தர்கூட என் ஸ்டாப்பில் நிறுத்து என்று கேட்கவில்லை. பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். பக்கவாதம், சீக்கிரம் கொண்டுவந்ததால் பிழைத்தாள் என்றார் டாக்டர். அந்த நாற்பது பேரும் நன்றாக இருக்க வேண்டும், பெயர்கூடத் தெரியாது எனக்கு.

வலது கை விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. முழுசாகப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிச்சம் இருந்தது. தண்ணீர் வேண்டுமா என்றால், "உள்ள போங்க." வலிக்கிறதா என்றால், "உள்ள போங்க." பெரிய டாக்டர் பத்து மாணவர்களோடு வந்து நின்றபோதும், "உள்ள போங்க, உள்ள போங்க." மாணவர்கள் சிரித்தார்கள். அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மனசுக்குள் எல்லாச் சொல்லும் இருக்கிறது, வாய்க்கு வரவில்லை என்று பேச்சுப் பயிற்சி டாக்டர் நிரமோன் எனக்கு விளக்கினார்.

அந்த நிரமோன் சின்னப் பெண், ஆனால் கண்டிப்பு. "இவங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டார். நான் வெட்கத்தோடு போனைக் காட்டினேன். ஒரு அத்தியாயம் பாதி பார்த்தார். துள்ளி எழுந்துவிட்டார்.

"அண்ணே, இத விட நல்ல பாடம் எனக்குக் கிடைக்காது! பாருங்க, சின்னச் சின்ன வசனம். ஒரு வசனம் சொல்லிட்டு எவ்வளவு நேரம் சும்மா பாத்துக்கிட்டிருக்காங்க! அந்த இடைவெளியில இவங்க திருப்பிச் சொல்லிடலாம்."

போச்சுடா என்று நினைத்தேன். எந்த இழுவையை நான் இத்தனை நாள் திட்டினேனோ, அதுதான் மருந்தாம்.

ஷிப்ட் முடிந்ததும் தினமும் போவேன். என் மனைவி கட்டிக் கொடுத்த கஞ்சியை ஊட்டிவிட்டு, போனைச் சாத்தி வைப்பேன். இத்தி ஒரு வசனம் சொல்வான், ரபியைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அக்கா வாயைக் கோணிக்கோணி முயற்சி செய்வாள். மூன்று வாரம் ஒன்றுமில்லை. நாலாவது வாரம் ஒரு மத்தியானம் என் முகத்தைப் பார்த்து, தெளிவாக, வார்டு முழுக்கக் கேட்கும்படி, "கையப் பிடிச்சுக்கலாமா?" என்றாள்.

பக்கத்துக் கட்டில் கிழவி கைதட்டினாள். நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். என் காது இரண்டும் சூடாகிவிட்டது. "பிடிச்சுக்கோ அக்கா, பிடிச்சுக்கோ" என்று கையை நீட்டினேன். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அழுதேன். யாரோ பெற்ற பிள்ளை, எங்கேயோ கேமரா முன்னால் நின்று சொன்ன வசனம், எங்கள் அக்காவின் வாயைத் திறந்து வைத்ததே!

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. மெதுவாகத்தான், அவள் தன் அறைக்குத் திரும்பிய பிறகும். நிரமோன் எல்லாருக்கும் ஒரே ஒரு சட்டம் போட்டார்: அவள் தேடுகிற சொல்லை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். இந்தச் சட்டத்தை மீறுவதில் முதல் ஆள் நான்தான். அக்கா "எனக்கு... ஒரு..." என்று ஆரம்பிப்பாள், நான் "காப்பியா? தலகாணியா? பூனைக்கு மீனா?" என்று அடுக்கிவிடுவேன். அவள் இடது கையால் என்னை அடிப்பாள். ஒரு நாள் நிரமோன் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப் போய், "அண்ணே, ஒவ்வொரு தடவையும் நீங்க அவங்க வாயிலேருந்து வார்த்தையப் பிடுங்கறீங்க" என்றார். சுருக்கென்றது. ஆனாலும் மாற முடியவில்லை. நாக்கு அதுபாட்டுக்கு முந்திக்கொள்கிறது.

இந்த வருஷம் வெயில் காலத்தில் அந்த அறிவிப்பு வந்தது. இத்தியும் ரபியும் விளம்பரம் செய்கிற கடற்பாசி வறுவல் பாக்கெட்டுக்குள் ஒரு எண் இருக்கும். எண் விழுந்தவர் ஒரு துணையோடு ரசிகர் சந்திப்புக்குப் போகலாம். இரண்டு பேருக்கும் ஆளுக்குப் பத்து வினாடி: உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு நகர வேண்டும்.

அக்கா போனை என் மூக்குக்கு நேரே பிடித்தாள். "நான்... நேர்ல... நன்றி... சொல்லணும்."

"எழுதிக் குடுத்துடலாமே அக்கா?"

"வாயால."

டிப்போ முழுக்க இரண்டு மாசம் கடற்பாசி தின்றது. டிரைவர், கண்டக்டர், மெக்கானிக், காவல்காரர், எல்லாருடைய பல்லிலும் பச்சை. எனக்கு இப்போது அந்த வாசனையே ஆகாது. கடைசியில் மெக்கானிக் பிரித்த பாக்கெட்டின் எண் விழுந்தது. அவர் பஸ்ஸுக்கு அடியிலிருந்து கத்திக்கொண்டு வெளியே வந்ததில் தலையை இடித்துக்கொண்டார்.

சொல்ல வேண்டியதை அக்காவே தீர்மானித்தாள்: "தம்பி, உன்னாலதான் எனக்குப் பேச்சு திரும்பி வந்துச்சு. நன்றி." இதைச் சொல்ல உங்களுக்கும் எனக்கும் நாலு வினாடி. அக்காவுக்கு முதல் நாள் முப்பத்தொன்று. அவள் என் பஸ்ஸில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நான் கடிகாரத்தைப் பார்ப்பேன், அவள் சொல்வாள். இருபத்தி நாலு. பத்தொன்பது. பதினாறு. சந்திப்புக்கு முதல் நாள் பன்னிரண்டு. பத்துக்குள் ஒரு தடவைகூட வரவில்லை.

"அக்கா, 'நன்றி' மட்டும் சொல்லேன். ஒரு வினாடிதான்."

"எதுக்குன்னு... அவனுக்கு... தெரிய வேணாமா?"

ஒரு பெரிய வணிக வளாகத்தின் மேல்மாடியில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எங்கே பார்த்தாலும் பெண்கள், பொம்மைகள், பூங்கொத்துகள். ஆண்பிள்ளை என்று நானும் இன்னும் நாலைந்து பேரும். "அம்மா வந்துட்டாங்க!" என்று அக்காவின் பெண்கள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள், அவளுடைய நீலச் சட்டையின் காலரைச் சரிசெய்தார்கள். வரிசை வேகமாக நகர்ந்தது. மேஜைக்குப் பின்னால் இரண்டு பையன்களும் நின்றார்கள். பக்கத்தில் ஒரு பெண் கையில் கடிகாரத்தோடு, நேரம் முடிந்ததும் ஒவ்வொருத்தர் தோளையும் தொட்டு நகர்த்திக்கொண்டிருந்தாள்.

அக்காவின் முறை. இடது கையைத் தூக்கினாள். இத்தி தன் உள்ளங்கையைச் சேர்த்தான்.

"தம்பி..."

இத்தி சிரித்தான். "சொல்லுங்கம்மா."

"உன்... உன்னால..."

அப்படியே நின்றுவிட்டது. உதடு துடிக்கிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, சொல் வரவில்லை. நாலு, ஐந்து, ஆறு என்று எனக்குள் ஓடுகிறது. கடிகாரப் பெண் அவள் தோளைத் தொட்டாள், தன்மையாகத்தான். "அம்மா, நேரமாச்சு. அடுத்தவங்க."

அடுத்தவன் நான்.

நான் மேஜைக்கு முன்னால் போனேன். என் உள்ளங்கையை அவன் கையில் வைத்தேன். முழு வாக்கியமும் என் நாக்கு நுனியில் தயாராக நின்றது. எத்தனை சிவப்பு விளக்கில் கேட்டிருக்கிறேன்! நாலே வினாடி. சொல்லித் தொலைத்தால் வேலை முடிந்தது, பையனுக்கு விஷயம் போய்ச் சேர்ந்துவிடும்.

பக்கத்தில் அக்கா என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலைகூட ஆட்டவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

என் வாயை நான் இறுக்கி மூடிக்கொண்டேன். இடது கையால் அக்காவை மேஜைக்கு முன்னால் இழுத்து நிறுத்தினேன்.

"ஐயா, அவங்க முடிச்சிட்டாங்க" என்றாள் கடிகாரப் பெண்.

"இது என் நேரம்மா. இவங்க பேசுவாங்க."

இத்திக்கு என்ன புரிந்ததோ, அக்காவின் பக்கம் முழுசாகத் திரும்பி, ஒன்றும் சொல்லாமல் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான். தொடரில் நிற்பானே, அதே மாதிரி. நடிப்பு என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன். அந்தப் பிள்ளைக்கு இயல்பே அதுதான் போலிருக்கிறது.

"எனக்கு..." என்றாள் அக்கா. "பேச்சு... திரும்பி... வந்துச்சு." ஒரு மூச்சு வாங்கினாள். "நன்றி."

இத்தி என் உள்ளங்கையிலிருந்து கையை எடுத்தான். இரண்டு கையும் கூப்பி, நெற்றி மேஜையைத் தொடுகிற அளவுக்குக் குனிந்தான். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. பக்கத்தில் ரபியும் கூப்பியிருந்தான். கடிகாரப் பெண் கடிகாரத்தையே பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் அக்காவின் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி என்னைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, நீங்க என்ன சொன்னீங்க அவன்கிட்ட? சொல்லுங்க, சொல்லுங்க!"

"நான் ஒண்ணும் சொல்லலம்மா."

"ஐயோ! பத்து வினாடியும் சும்மாவா நின்னீங்க? நாங்க அதுக்காக உயிரக் குடுப்போம். வீணாக்கிட்டீங்களே!"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"அவன்..." என்றாள். சொல்லைத் தேடினாள். பெண்கள் கிட்டே நெருங்கினார்கள். "அவனோடத..."

எனக்குத் தெரியும் என்ன வருகிறதென்று. எஸ்கலேட்டரில் ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். அக்காவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

"எனக்குக் குடுத்துட்டான்."

அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் வாயைத் திறக்கவே இல்லை.