டிக்கெட்டைக் கிழிங்க அண்ணாச்சி

இறால் வாடையும் டீசல் புகையும் ஒன்றாகத் தெருமுனையில் திரும்பினால் அம்மா வந்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும். திரேஸ்புரத்துக்கு வரும் "கடைசி வண்டி" அது. இறால் கம்பெனியில் இரவு பத்து மணிவரை தோலுரித்துவிட்டு, விரல் நுனிகள் வெளிறி வீடு திரும்பும் பெண்களைத் தவிர அதில் அநேகமாக யாரும் ஏறுவதில்லை. அந்த டவுன் பஸ் எங்கள் வீட்டுக்கு எதிரில்தான் விடியும்வரை நிற்கும். டிரைவரும் கண்டக்டரும் அதிலேயே படுத்துக்கொள்வார்கள். அதற்கு "ஹால்ட்" என்று பெயர். நாலாம் வகுப்பில் இருந்த நான் வாசற்படியில் உட்கார்ந்து ரஃப் நோட்டில் தினமும் மூன்று விஷயங்களைக் குறித்துவைப்பேன்: வண்டி வந்த நேரம், இறங்கியவர்கள் எத்தனை பேர், அதில் அம்மா எத்தனையாவது ஆள். யாரும் எழுதச் சொல்லவில்லை. எழுதாவிட்டால் அம்மா வரமாட்டாள் என்று ஒரு பயம், அவ்வளவுதான்.

கண்டக்டர் செல்லையா அண்ணாச்சி அந்தப் பெண்களுக்கு டிக்கெட் கிழித்ததே இல்லை. "வண்டி எப்படியும் அங்கனதான் படுக்கப் போவுது, ஒங்களுக்கு எதுக்கு டிக்கெட்டு, ஏறுங்க" என்பார். பகல் வண்டிகளில் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்காருகிறவர்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தப் பேச்சு பெரிய மரியாதையாக இருந்தது. அந்த மரியாதையே வண்டிக்கு வினையாக முடிந்தது. டிக்கெட் இல்லாததால் கணக்கில் ஆளும் இல்லை. "ஆளே ஏறாத வண்டின்னு எழுதிட்டாவளாம், ஒண்ணாந்தேதியிலேருந்து கிடையாதாம்" என்று அம்மா வந்து சொன்னாள்.

வண்டி நின்றால் அவள் உப்பளத்து ரோட்டில் இருட்டில் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலையை விட வேண்டும். நான் நோட்டை நீட்டினேன். பதினேழு, பத்தொன்பது, பதினெட்டு என்று பக்கம் பக்கமாக ஆட்கள் இருந்தார்கள். அம்மா புரட்டிப் பார்த்துவிட்டு அதை அரிசி டின்னுக்குப் பின்னால் செருகினாள். "ஏளா, இதக் காட்டுனா வண்டி பொழைக்கும், அண்ணாச்சி வேல போயிரும்."

மறுநாள் இரவு வண்டி வந்து நின்றது, யாரும் இறங்கவில்லை. நேரத்தை எழுதிவிட்டுப் பென்சிலைப் பிடித்தபடி காத்திருந்தேன். பிறகு பயந்துபோய் ஓடி, படியில் ஏறி எட்டிப் பார்த்தேன். எல்லாரும் மடியில் தூக்குச்சட்டியோடு உள்ளேதான் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

"டிக்கெட்டக் கிழிங்க அண்ணாச்சி. கிழிச்சாத்தான் இறங்குவோம்."

"எடம் வந்து சேந்தப்புறம் டிக்கெட்டு கேக்குத ஆள இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார் அவர்.

பக்கத்து வீட்டு ரோசம்மா சித்தி விடவில்லை. "நாங்க ஆளா இல்லியான்னு ஒங்க பேப்பரு சொல்லட்டும். இல்லன்னா பாய விரிங்க, நாங்களும் இங்கனயே ஹால்ட்டு."

டிரைவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தார். "ஓய், கிழிச்சுத் தொலையும்வே, நான் தூங்கணும்."

பதினெட்டு டிக்கெட். ஒவ்வொருத்தியும் கையில் வாங்கிய பிறகே இறங்கினாள்.

அன்றிலிருந்து மாதக் கடைசிவரை ஒரு டிக்கெட்டையும் எறியாமல் நூலில் கோத்தார்கள். இருந்தும் ஒண்ணாந்தேதி வண்டி வரவில்லை. நடந்தே வீடு வந்தவர்கள், மறுநாள் காலையில் பணிமனைக்குப் போய் அந்த மாலையை மேனேஜர் மேசையில் வைத்துவிட்டு, பதில் வரும்வரை அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். நாலாம் நாள் வண்டி வந்தது.

இன்று அந்த இறால் கம்பெனி இல்லை. செல்லையா அண்ணாச்சி ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். எச்சில் தொட்டுக் கிழித்த அந்த மெல்லிய டிக்கெட் கட்டும் போய், கைக்குள் அடங்கும் மிஷின் வந்துவிட்டது. நான் பஸ்களுக்கு நேர அட்டவணை போடும் மென்பொருளில் வேலை பார்க்கிறேன். எங்கள் திரையில் ஆள் ஏறாத டிரிப் சிவப்பாக மாறும். ஒரு தட்டு தட்டினால் அட்டவணையிலிருந்தே மறைந்துவிடும். நேரில் போய் அந்த வண்டியில் ஒரு ராத்திரி ஏறிப் பார்க்காமல் நான் தட்டுவதில்லை. நான் வேலையில் மந்தம் என்று சொல்லுகிறார்கள், சொல்லட்டும்.

போன மாதம் ஊருக்குப் போனபோது அந்தக் கடைசி வண்டியில் ஏறினேன். இளவயதுக் கண்டக்டர் நல்ல மனதோடுதான் சொன்னார்: "பொம்பளையளுக்கு ஃப்ரீதானக்கா, டிக்கெட்டு எதுக்கு, போய் உக்காருங்க."

நான் கையை நீட்டினேன்.

"கிழிங்க தம்பி. கிழிச்சாத்தான் உக்காருவேன்."