ஒரு வருடமாகத் தொடாதவை

எழுபதுகளின் கடைசியில் என் கணவர் கிண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவார், தொங்கிக்கொண்டு வருவார். அந்த மார்கழியில் அங்கே யாரோ மேலதிகாரி வந்து, ஒரு வருடமாக யாரும் தொடாத சாமானைக் கழித்துக்கட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறார். சொன்னது ஸ்டோர்ஸுக்கு. இவர் அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

போகிக்குப் பத்து நாள் இருக்கும்போது சாக்பீஸும் நோட்டுமாகக் கிளம்பினார். கழிக்க வேண்டியதன் மேல் பெருக்கல் குறி போடுவார். நோட்டில் சாமான் பெயர், எண் இருந்தால் எண், கழித்த காரணம் எல்லாம் ஏறும். எழுதாமல் ஒரு வாஷரைக்கூட வெளியே விட்டுப் பழக்கமில்லாத மனுஷன். எங்கள் வீட்டில் இருந்ததே மூன்று அறை. அதற்கு இவ்வளவு தடபுடல்.

முதலில் கூடம். என் அம்மா வீட்டுக் கோரைப்பாய்க்குக் குறி விழுந்தது. அவருடைய மூன்று கால் நாற்காலிக்கு விழவில்லை. அதற்கு நாலாவது கால் போடப் போகிறாராம், நாலு வருடமாக. அடுத்த நாள் சமையலறை. முறுக்கு அச்சைத் தூக்கிப் பிடித்தார்.

"இத்த எப்ப தொட்டே?"

"தீபாவளிக்கு."

"எய்தி வெச்சிகினியா?"

"நீங்க தின்னீங்களே, அது போதாதா?"

அச்சு பிழைத்தது. பிரசவத்துக்கு வாங்கிய ரப்பர் ஷீட் பிழைக்கவில்லை.

மிச்சமிருந்தது உள் அறை. அங்கேதான் என் டிரங்குப் பெட்டி, பெட்டிக்குள் என் வேலைவாய்ப்பு அலுவலக அட்டை. எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்ரைட்டிங்கும் முடித்துக் காஞ்சிபுரத்தில் பதிந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதைக் கொண்டுபோய்ப் புதுப்பிக்க வேண்டும். தவறினால் சீனியாரிட்டி போச்சு, மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டியதுதான். எனக்குத் தை மாதம் தவணை. என்னோடு பதிந்த ஒருத்தியை அப்போதுதான் ஒரு சர்க்கார் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அடுத்தது நான்தான் என்று எனக்கு ஒரு ஆசை. ஆசை என்ன, வெறி. ஆனால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை தொடும் அட்டை இவருடைய ஒரு வருடச் சட்டத்துக்கு எப்படித் தப்பும்?

அவரிடமே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால், "ஒம்போது வருசமா கெவர்மென்ட்டுக்காரன் இன்னா குட்த்தான் உனுக்கு?" என்று சிரிப்பார். ஏற்கெனவே ஒருமுறை சிரித்ததுதான். அதை இன்னொரு தரம் கேட்க எனக்கு இஷ்டமில்லை.

அதனால் வீட்டிலேயே சாக்பீஸ் படாத ஒரே இடத்தில் அட்டையை ஒளித்தேன். அது அவருடைய அலமாரி. துருப்பிடித்த போல்ட், பிய்ந்த பெல்ட், எதற்கும் சேராத சாவிகள் எல்லாம் அங்கே ராஜ மரியாதையோடு இருந்தன. ஒரு பிஸ்கெட் டப்பாவில், போல்ட்டுகளுக்கு அடியில் அட்டையைச் செருகினேன். அதைவிடப் பத்திரமான இடம் பாங்கில்கூடக் கிடையாது என்று நினைத்தேன்.

நினைத்ததோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். போகிக்கு முந்தின நாள் பக்கத்து வீட்டு அக்கா, "உங்க வூட்ல எல்லாம் ஒழிச்சாச்சா?" என்று கேட்டாள். அவர் காதில் விழட்டும் என்றே சொன்னேன்: "எங்க சாமான்லாம் ஒழிச்சாச்சுக்கா. அவரு அலமாரிதான் பாக்கி. அதுக்குக் கம்பெனி ரூலு கெடையாது போல." அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் சாக்பீஸை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தேன். வாசலில் கோரைப்பாய் எரிந்துகொண்டிருந்தது. அவர் மாப்பிள்ளை மாதிரி நின்றிருந்தார்.

"பாத்துக்க. நீ சொன்னியேன்னு என் அலமாரியையும் ஒழிச்சிட்டேன்."

குடத்தை இறக்கிவிட்டு உள்ளே ஓடினேன். போல்ட்டுகள் அத்தனையும் அப்படியே இருந்தன, அளவு வாரியாக அடுக்கப்பட்டு. டப்பா காலி.

"போல்ட்டெல்லாம் கீதே?"

"இரும்ப எவனாச்சும் எரிப்பானா? காயிதம்தான் போட்டேன்."

"இன்னா காயிதம்?"

"ஏதோ பழைய அட்டைமே. நோட்ல எய்திக்கீறேன் பாரு."

பார்த்தேன். கடைசி வரி. வேலைவாய்ப்பு அட்டை ஒன்று. அதன் எண், ஒரு இலக்கம் பிசகாமல். பக்கத்தில் என் பெயர், இனிஷியலோடு. காரணம்: ஒரு வருடமாகப் பயன்பாட்டில் இல்லை.

நோட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். படித்தார். இன்னொரு தரம் படித்தார்.

"எய்தறப்போ கவனிக்கலமே" என்றார்.

அன்று பொங்கல் வேலை எதையும் நான் தொடவில்லை. உள் அறையில் உட்கார்ந்து அழுதேன். அட்டை போனது ஒரு பக்கம். என் பெயரைத் தன் கையாலேயே முழுசாக எழுதிவிட்டு, அது யார் பெயர் என்று தெரியாமல் நெருப்பில் போட்டிருக்கிறாரே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பொங்கல் கழிந்ததும் நோட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு, தனியாகக் காஞ்சிபுரம் போனேன். எண் இருந்ததால் பதிவேட்டில் என்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சீனியாரிட்டி தப்பியது, புது அட்டையும் தந்தார்கள். கவுன்ட்டரில் இருந்தவர் தாளைத் திருப்பித் தரும்போது கடைசி வரியை மறுபடி படித்தார்.

"யாரும்மா எரிச்சது?"

"ஸ்டோர்ஸ்காரர்" என்றேன்.