பதினாறாம் நாள் இலையில் வைத்த ஊறுகாய்

சென்ற வைகாசியில் எங்கள் அண்ணன் அவர்களின் பதினாறாம் நாள் காரியத்துக்கு மில்பிடாஸ் வந்து பந்தியில் உட்கார்ந்த உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். இலை ஓரத்தில் வைத்த ஊறுகாய் என்ன காய் என்று. களாக்காயா என்றீர்கள். நெல்லியில் ஏதோ அமெரிக்க ஜாதியா என்றீர்கள். நான் ரசம் எடுக்க உள்ளே போய்விட்டேன். சொல்ல அன்றைக்குப் பயமாக இருந்தது.

இப்போது முதலாம் ஆண்டு நினைவு மலர் அச்சடிக்கிறோம். "நீதான் அவர் கூடவே தோட்டத்துக்குப் போனவ, நீ எழுது" என்று மதினி சொன்னார்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுதுவதற்கும் பயம்தான். எனக்கு எதற்குத்தான் பயமில்லை. ஃப்ரீவேயில் லாரி பக்கத்தில் வந்தால் பயம், போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டாலும் பயம். அண்ணன் என்னை "நம்ம வீட்டு வானிலை அறிக்கை" என்றுதான் கூப்பிடுவார். "சொல்லுத்தா, இன்னைக்கு எங்க புயல்?" என்பார்.

அண்ணன் பிறந்தது கம்பம் ஊருக்குப் பக்கத்தில். எங்கள் ஐயாவுக்குப் பந்தல் போட்ட திராட்சைத் தோட்டம். ஐயா காலமானபோது அண்ணனுக்கு மீசை கூட முளைக்கவில்லை. அந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே பாலிடெக்னிக் படித்தார், என்னைக் கட்டிக் கொடுத்தார், பிறகு கம்பெனி அனுப்பி அமெரிக்கா வந்தார். எங்களையும் வரவழைத்து, என் வீட்டுக்காரருக்கு மில்பிடாஸில் ஷிப்ட் வேலை சொல்லி வைத்தார். தன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி எங்களுக்கு வாடகை வீடு பார்த்தார். அப்படி அவர் வேலை சொல்லிவைத்த பிள்ளைகள் பலர் இதைப் படிப்பீர்கள். யாரிடமும் அவர் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் ஷேர் வாங்கினார்கள், இரண்டாவது வீடு வாங்கினார்கள். அண்ணன் ஃபிரெஸ்னோ பக்கம் மூன்று மணி நேரம் டிரைவ் பண்ணிப் போக வேண்டிய இடத்தில் இருபது ஏக்கர் திராட்சைத் தோட்டம் வாங்கினார். மதினியின் தம்பி போனிலேயே சிரித்தார். "மச்சான், ஊர்ல எல்லாரும் நெலத்த வித்துட்டு அமெரிக்கா வர்றான். நீங்க அமெரிக்காவுக்குப் போயி நெலம் வாங்குறீங்க."

"வாங்குறவன் ஒருத்தனாவது இருந்தாத்தானடா விக்கிறவன் விக்க முடியும்" என்றார் அண்ணன்.

அது கிஸ்மிஸ் பழத்துக்கான தோட்டம். விதையில்லாத பச்சைத் திராட்சை. ஊரில் பந்தலை அண்ணாந்து பார்த்துப் பறிப்போம். இங்கே கம்பியில் நெஞ்சு உயரத்துக்குக் கொடி நிற்கிறது. ஆவணிக் கடைசியில் குலைகளை வெட்டி, வரிசைக்கு வரிசை நடுவே மண்ணில் பழுப்புத் தாள் விரித்து அதன் மேல் பரப்புவார்கள். மூன்று வாரம் வெயிலில் கிடந்து சுருங்கினால் கிஸ்மிஸ். வெட்டுவதற்கு முன்னால் ஒயின் கம்பெனிக்காரன் வந்து, பச்சையாகவே கொடுத்துவிடுகிறாயா என்று கேட்பான். அவன் விலை குறைவு, ஆனால் அன்றைக்கே கணக்கு முடிந்துவிடும். தாளில் போட்டால் விலை கூட வரலாம். ஆனால் மழை பெய்தால் போச்சு. ஒவ்வொரு வருஷமும் அண்ணன் தாளில்தான் போட்டார். ஒவ்வொரு வருஷமும் நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு மூன்று வாரம் தூங்கவில்லை.

ஒரு வருஷம் மழை வந்தே விட்டது. அண்ணன், மதினி, நான், என் வீட்டுக்காரர், மேஸ்திரி ரமோன் எல்லோரும் முட்டி போட்டுக்கொண்டு தாளைச் சுருட்டினோம். சுருட்டி முடித்தது கொஞ்சம், நனைந்தது மிச்சம். பூஞ்சை பிடித்ததை ஃபாக்டரி வாங்கவில்லை. மாட்டுத் தீவனத்துக்குப் போயிற்று. ஆனாலும் அண்ணன் ரமோனின் ஆட்களுக்குக் கூலியில் ஒரு டாலர் குறைக்கவில்லை.

காற்று அடித்தால் அந்தத் தாள்கள் எல்லாம் சேர்ந்து சலசலக்கும். யாரோ பத்துப் பேர் வரிசைக்குள் செருப்பில்லாமல் நடந்து வருவது மாதிரி இருக்கும். முதல் தடவை கேட்டபோது நான் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். அண்ணனுக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். "வெளைச்சல் நடக்குதுத்தா" என்பார்.

மழைக்குப் பிறகு நல்ல வருஷங்கள் வந்தன. அதுதான் கெடுதலாகப் போயிற்று. எல்லோருக்கும் நன்றாக விளைந்தது, விலை விழுந்தது. விலை விழாமல் இருக்க, கிஸ்மிஸ் கமிட்டி என்று ஒன்று ஒவ்வொருவர் கிஸ்மிஸிலும் ஒரு பங்கைச் சந்தைக்கு விடாமல் குடோனில் நிறுத்தி வைக்கும். அதற்குக் காசு எப்போது வரும், வருமா என்று யாருக்கும் தெரியாது. தோட்டத்துக்கு வாங்கிய பேங்க் கடனின் தவணை மட்டும் மாதா மாதம் தவறாமல் வந்தது. அண்ணன் வேலை பார்த்த கம்பெனியிலும் ஆள் குறைத்தார்கள். அவர் சம்பளம் நின்ற மாதம்தான் அந்தக் கமிட்டியிடமிருந்து ஒரு திட்டத்தின் காகிதம் வந்தது. வேறு மாநிலத்தில், ஃபிரிஸ்கோவிலிருந்து லீவுக்கு வந்திருந்த அவர் மகள் அதைப் படித்துச் சொன்னாள்.

"அப்பா, இந்த வருஷம் நீங்க ஒண்ணுமே க்ரோ பண்ணக் கூடாது. அதுக்கு அவங்க பே பண்றாங்க. இட்ஸ் எ குட் டீல்."

"ஒண்ணும் வெளைய வைக்காம இருக்கிறதுக்கா?"

"யெஸ்."

"ஊர்ல இதை நாங்க எத்தனையோ வருஷம் சும்மாவே செஞ்சிருக்கோமேத்தா, யாரும் காசு குடுக்கலையே" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். வேறு வழியில்லை. அந்தப் பணம் வராவிட்டால் தோட்டம் பேங்குக்குப் போய்விடும். அதைத்தான் இதைப் படிப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

திட்டப்படி, கவாத்தின்போது காய்க்கிற கொப்பு எல்லாவற்றையும் ஒட்ட நறுக்கிவிட வேண்டும். இலை வரும், காய் வராது. வைகாசியில் கமிட்டி ஆள் வந்து வரிசை வரிசையாக நடந்து பார்ப்பார்கள். காய் இருந்தால் திட்டத்திலிருந்து தள்ளிவிடுவார்கள் என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள். ரமோன் ஆட்களைக் கூட்டி வந்து நறுக்கினான். தோட்டம் முழுக்க மொட்டை.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை அண்ணனோடு போயிருந்தேன். கடைசி வரிசையில், தண்ணீர் வால்வுக்குப் பக்கத்துக் கம்பியில் ஒரு வெள்ளைத் துணி ஆடியது. அண்ணனின் பழைய வேட்டியில் கிழித்த துண்டு. அந்த ஒரு கொடியில் மட்டும் கொப்பு நீளமாக ஓடி, கடுகு கடுகாகக் குலை பிடித்திருந்தது.

"அண்ணே, இது என்ன?"

"ரமோன் கிட்ட இதைத் தொடாதேன்னு நான்தான் சொன்னேன்."

"ஆள் வந்து பார்ப்பாங்களேண்ணே! ஒண்ணுக்காக அம்புட்டும் போயிருமே!"

"முதல் குலை கோயிலுக்கு வைக்கணுமில்ல?"

உண்மைதான். ஊரில் இருந்த நாளிலிருந்து அண்ணன் அதை விட்டதில்லை. இங்கே வந்த பிறகும் முதலில் பழுத்த குலையைத் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போவார். ஸ்டியரிங் என் வீட்டுக்காரர் கையில் இருக்கும்.

"கடையில நல்லதா ஒரு குலை வாங்கி வையுங்கண்ணே. சாமி என்ன ரசீதா கேக்கப்போகுது?"

"கடைக் குலையை எவன் வேணாலும் வைப்பான்" என்றார். பிறகு மெல்லச் சொன்னார். "ஒரு காய் கூட இல்லாம ஒரு தோட்டத்தைப் பார்க்க முடியலத்தா. வெயில்ல நடந்தா தாள் சத்தம் கேக்குது."

"தாளே விரிக்கலையேண்ணே."

"அதான்."

அடுத்த நாலு வாரமும் நான் அந்தக் கொடியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சோறு வடிக்கும்போது அது, கோலம் போடும்போது அது. மதினியிடம் சொன்னேன். "அவர் சொன்னா யார் கேக்குறா? நீயே ஒரு நாள் பிய்ச்சுப் போட்டுரு" என்றார்கள். ஆனால் அண்ணன் உயிரோடு இருக்கும்போது அந்தக் கொடியில் கை வைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஆள் வருகிற நாள் செவ்வாய்க்கிழமை என்று தகவல் வந்தது. அதற்கு முந்திய சனிக்கிழமை மதியம், கார் நிழலில் நான் தயிர்சாதத்தைத் தட்டில் வைத்தேன். "தண்ணி கடைசி வரைக்கும் வருதான்னு பார்த்துட்டு வந்துர்றேன்" என்று அண்ணன் வரிசைக்குள் நடந்தார். கொஞ்ச நேரத்தில் காற்று வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தாள் சத்தம் கேட்டது. நடந்து வருகிற சத்தம். அவர்தான் திரும்பி வருகிறார் என்று ஊறுகாய் மூடியைத் திறந்தேன். யாரும் வரவில்லை. போய்ப் பார்த்தபோது அந்தக் கொடிக்குப் பக்கத்துக் கம்பத்தில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். துணி அவர் தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. மாரடைப்பு என்றார்கள்.

மகள் வந்து சேர்ந்து, எல்லாம் கூடி வந்து புதன்கிழமைதான் தகனம் என்று முடிவாயிற்று. செவ்வாய் காலையில் அண்ணன் ஃபியூனரல் ஹோமில் இருந்தார். மதினி அழுது ஓய்ந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். திடீரென்று என் கையைப் பிடித்தார்கள்.

"இன்னைக்குத்தான ஆள் வருது?"

"ஆமா மதினி."

"நீ போ. அந்தக் கொடியைப் பாரு. மனுசனைத்தான் காப்பாத்த முடியலை, தோட்டமாவது நிக்கட்டும்."

என் வீட்டுக்காரர் காரை எடுத்தார். போனதும் இரண்டு பேரும் கடைசி வரிசைக்கு ஓடினோம். காய்கள் சுண்டைக்காய் அளவுக்கு வந்திருந்தன, கல் மாதிரி. குலை குலையாகப் பறித்து ஐஸ் பெட்டிக்குள் போட்டோம். நீண்ட கொப்புகளையும் நறுக்கி, மற்றக் கொடிகள் மாதிரியே ஆக்கினோம். வெட்டின இடத்தில் சாறு சொட்டியது. கிளம்பும்போது துணியைப் பார்த்தேன். வருகிற ஆள் அதைப் பார்த்து எதற்கு என்று கேட்டுவிட்டால்? அதையும் அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

வந்தது ஒரு வயதான அம்மாள். தொப்பி போட்டுக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தார். டிக்கியில் ஐஸ் பெட்டி இருந்ததால் நான் காரின் மேல் சாய்ந்தே நின்றேன். முடித்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டார். பிறகு "ஓனர் எங்கே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்கு முன்னால் என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"ஹி ஈஸ் இன் தி லாஸ்ட் ரோ."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மாள் கடைசி வரிசைப் பக்கம் திரும்பி, கையை ஆட்டிவிட்டு வண்டியேறிப் போனார். யாருக்கு ஆட்டினார் என்று இந்த ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பறித்த காயைக் குப்பையில் போட மனம் வரவில்லை. கோயிலுக்கு வைக்கவும் முடியாது, தீட்டு. இழவு வீட்டில் யாராவது ஊறுகாய் போடுவார்களா என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டின் பின்பக்கம் வெயிலில் வைத்து உப்பில் ஊறவிட்டேன். நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் பெருங்காயமும் போட்டேன். பதினாறாம் நாள் மதினி தன் கையால் அண்ணன் படத்துக்கு முன்னால் இருந்த இலையில் முதலில் வைத்தார்கள். பிறகு உங்கள் இலைகளில்.

திட்டப்படி ஒன்றும் விளையவில்லை என்பதற்கான சான்றுக் காகிதம் பின்னால் வந்தது. அந்தக் காகிதத்துக்குப் பதிலாகக் கிடைப்பது நேராகப் பணம் இல்லை, முன்னொரு வருஷம் விளைந்து குடோனில் நிறுத்தி வைத்த கிஸ்மிஸ்தானாம். அதில் அண்ணன் தாள் விரித்துக் காயப்போட்டதும் இருக்கலாம். அதை விற்றுப் பேங்குக்குக் கட்டினோம். தோட்டம் நிற்கிறது.

இந்த மார்கழியில் ரமோன் கவாத்துக்கு வந்தபோது, அண்ணனின் கொடியை மட்டும் நானே வெட்டுகிறேன் என்றேன். வரிசை தெரிந்தது, கொடி தெரியவில்லை. வால்வுக்கு இந்தப் பக்கம் என்றேன் நான். அந்தப் பக்கம் என்றான் அவன். கம்பத்தில் அவர் சாய்ந்திருந்த அடையாளம் ஏதும் இல்லை. துணி என் அலமாரியில் இருக்கிறது. எங்கே கட்டுவது? இப்போது வைகாசியில் போய்ப் பார்த்தேன். வரிசை முழுக்கச் சுண்டைக்காய் அளவில் காய்த்துத் தொங்குகிறது. ஒயின் கம்பெனிக்காரன் போன் பண்ணிவிட்டான். மகள் "சேஃபா கொடுத்துடலாம் அத்தை" என்கிறாள். மதினி "தாள் விரிப்போம்" என்கிறார்கள். முதல் குலையை எந்தக் கொடியில் பறிப்பது என்று எனக்கு இப்போதே கவலை.

அண்ணன் கிடந்த அன்று என் கூச்சலைக் கேட்டு ஓடி வந்த பக்கத்துத் தோட்டக்காரருக்கும், ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்த ரமோனுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் வேளை தவறாமல் சாப்பாடு கொண்டுவந்து வைத்த மில்பிடாஸ் சகோதரிகளுக்கும், லீவு போட்டுக்கொண்டு காரியங்களுக்கு ஓடிய அண்ணனின் சக ஊழியர்களுக்கும் கைகூப்புகிறோம்.

கடைசியாக, பதினாறாம் நாள் பந்தியில் உட்கார்ந்த உங்கள் எல்லோருக்கும். இருபது ஏக்கர் தோட்டத்தில் அந்த வருஷம் விளைந்தது அந்த ஒரு ஜாடிதான். அண்ணனின் கடைசி வெள்ளாமை. இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்று கேட்டு வாங்கி, எண்ணெய் கூட மிச்சமில்லாமல் சாப்பிட்டு எழுந்தீர்கள். அதற்கும் நன்றி.