குளித்தலையில் காத்திருந்தோம்

இந்த ஊரில் எதிரே வரும் மோட்டார் சைக்கிள்காரன் முன்பின் தெரியாதவனாக இருந்தாலும், இடது கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துக் கொஞ்சம் தாழ்த்திக் காட்டிவிட்டுப் போவான். வணக்கம் சொல்கிறானாம். முதல்முறை பார்த்தபோது எனக்குப் பகீரென்றது. திருச்சியில் எதிரே வருகிறவன் கையைக் காட்டினால் பகலில் ஹெட்லைட் எரிகிறது என்று அர்த்தம், அல்லது சைடு ஸ்டாண்டை மடக்கவில்லை, அல்லது அடுத்த திருப்பத்தில் போலீஸ் நிற்கிறது. இல்லாவிட்டால் பின்னால் இருப்பவளின் புடவைத் தலைப்பு சக்கரத்தில் சிக்கப் போகிறது. முதல் மூன்றையும் சரிபார்த்தேன். என் பின்னால் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்று தெரிந்தும் திரும்பிப் பார்த்தேன்.

மேற்கு ஜெர்மனிக்கு ஃபிட்டராக வந்து ஐந்து வருஷம் ஆகிறது. நான் இருக்கும் சின்ன ஊரைச் சுற்றி ஷ்வார்ட்ஸ்வால்ட் என்கிற மலைக்காடு. ரோடு மலையை நான்கு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் மேலே விடும். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தொழிற்சாலை ஃபோர்மேன் டீட்டரும், லேத்தில் நிற்கும் ஊவேயும் பந்தய ரக வண்டிகளில் இந்த மலைக்குக் கிளம்புவார்கள். வயிறு பெட்ரோல் டாங்கில் ஒட்டக் குனிந்து, முழங்கால் தரையில் உரசுமோ என்கிற மாதிரி வளைவில் சாய்வார்கள். அவர்களுக்குப் பின்னால் நான். என்னுடையது டூரிங் வண்டி. முன்னால் பெரிய கண்ணாடித் தடுப்பு, இரண்டு பக்கமும் பெட்டி, சோபா மாதிரி சீட்டு. ஒரு கிழவரிடமிருந்து மலிவாகக் கிடைத்ததால் வாங்கினேன். அதற்குமேல் காரணம் எதுவும் தேட வேண்டாம். நேர் ரோட்டில் எப்படியோ ஒட்டிக்கொள்வேன். மூன்று வளைவு வந்தால் போதும், அவர்கள் சத்தம்கூடக் கேட்காது.

இரண்டு பெட்டிகளிலும் என்ன இருக்கும் என்று கேட்கிறீர்களா? அவர்களுடைய மழைக்கோட்டு, அவர்களுடைய ரொட்டி, காபி பிளாஸ்க், முதலுதவிப் பெட்டி. அந்த வண்டிகளில் ஒரு கைக்குட்டை வைக்கக்கூட இடம் கிடையாது. அவர்கள் சுமையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போவேன். ஆனால் ரோடு இரண்டாகப் பிரியும் இடம் வந்தால் யாராவது ஒருவர் நிற்பார். பின்னால் வருகிறவனின் விளக்கு கண்ணில் படாமல் முன்னால் போகிறவன் பிரிவைத் தாண்டக்கூடாது. இது அவர்கள் சட்டம். முதல் ஞாயிறு நான் வெட்கத்தோடு, “எனக்காக நிக்க வேண்டாம், போங்க” என்று தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். டீட்டருக்குப் புரியவில்லை. நான் கோபித்துக்கொண்டதாக நினைத்து, “வியர் வார்டன்” என்றார் நிதானமாக. நாங்கள் காத்திருப்போம். அவ்வளவுதான். முகத்தில் ஒரு கிண்டல், ஒரு கண்ஜாடை இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை, நம்பவும் முடியவில்லை. ஏன் என்று சொல்ல உங்களைத் திருச்சிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

எழுபதுகளின் கடைசி. அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை. எனக்குக் கைலாசபுரம் தொழிற்சாலையில் வேலை. கூட வேலை பார்த்த செல்வத்திடமும் என்னிடமும் ஆளுக்கொரு டூ-ஸ்ட்ரோக் வண்டி. அலறிக்கொண்டு பறக்கும். மூன்றாவது ஆள் ஸ்டோர்ஸ் குமாஸ்தா வரதன், ஸ்ரீரங்கத்துக்காரன். அவனிடம் பழைய புல்லட். தென்னூரில் ஒரு தகரக் கடைக்காரரிடம் சொல்லி அதன் இரண்டு பக்கமும் தகரப் பெட்டி மாட்டியிருந்தான். ஞாயிறுதோறும் கரூர் ரோட்டில் குளித்தலை வரை போவோம். குடமுருட்டிப் பாலம் தாண்டினால் வலது பக்கம் காவிரி, இடது பக்கம் வாய்க்கால், நடுவில் ஆறு நெளிகிறபடியெல்லாம் நெளிகிற ரோடு. அந்த வளைவுகளுக்காகத்தான் போவோம். சாப்பாடு வரதன் பெட்டியில் வரும். அவன் அம்மா மூன்று பேருக்குமாகப் புளியோதரையும் தயிர்சாதமும் எவர்சில்வர் தூக்குகளில் கட்டிக் கொடுப்பார். “அவன் மெதுவாத்தான் வருவான். விட்டுட்டுப் போயிடாதேங்கோ” என்பார் வாசலில் நின்று. “அதெப்படி மாமி விடுவோம்?” என்பேன் நான்.

வரதன் ஏன் மெதுவாக ஓட்டினான் என்பதற்குக் காரணம் இருந்தது. அவன் குடும்பத்தில் ஆண்கள் சீபாதம் தாங்குகிறவர்கள். புறப்பாட்டின்போது பெருமாளின் பல்லக்கைத் தோளில் சுமக்கும் உரிமை அவர்களுக்குப் பரம்பரையாக உண்டு. சும்மா தூக்கிக்கொண்டு நடந்தால் போதாது. சிங்கம் நடக்கிற மாதிரி ஒரு நடை, பாம்பு நெளிகிற மாதிரி ஒரு நடை என்று காலடி கணக்குகள் உண்டு. திருவிழா நாட்களுக்கென்றே அவன் லீவைச் சேர்த்து வைப்பான். சட்டையைக் கழற்றினால் வலது தோளில் காய்த்துப்போன மேடு தெரியும். அதைக் காட்டுவதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. “வளைவுல திரும்பறச்சே உள்ளே எழுந்தருளியிருக்கிறவர் அசையப்படாது. நம்ம முழங்கால்தான் மடங்கணும். அந்தப் பழக்கம் ஜோசப்பு, வண்டியிலயும் வந்துடுத்து” என்றான் ஒருநாள். உண்மைதான். அவன் வளைவு திரும்பினால் தூக்கில் ரசமே இருந்தாலும் தளும்பாது. கோயிலில் பெருமாள், ரோட்டில் எங்கள் சாப்பாடு. இரண்டையும் ஒரே பக்தியோடு சுமந்தான்.

நாங்கள் அவனுக்கு வைத்த பெயர் கூட்ஸ் வண்டி. பொன்மலைக்காரனான நான்தான் வைத்தேன். குளித்தலைப் படித்துறையில் அரை மணி உட்கார்ந்திருந்துவிட்டு, அவன் வந்ததும், “கூட்ஸ் வந்துருச்சு, சிக்னல் போடுறா” என்று கத்துவோம். அவன் சிரிப்பான். அவன் சிரித்தது எங்களுக்குப் போதவில்லை. அவன் கொண்டுவந்த சோற்றைத் தின்றுகொண்டே அவனை அழவைக்க முடியுமா என்று பார்த்த ஜென்மங்கள் நாங்கள்.

ஒரு மாசி மாத ஞாயிற்றுக்கிழமை சத்திரம் பஸ் ஸ்டாண்டு அருகே டீ குடிக்கும்போது வரதனிடம் சொன்னேன்: “இன்னிக்குக் குளித்தலையில பத்து நிமிஷம்தான். அதுக்கு மேல காத்திருக்க மாட்டோம். கரூருக்குப் போயிட்டே இருப்போம். எங்களைப் பிடிக்க முடிஞ்சா பிடிச்சுக்க.”

“சாப்பாடு எங்கிட்டன்னா இருக்கு?” என்றான் அவன்.

“பெரிய சாப்பாடு. ஓட்டல்ல கிடைக்காததா?” என்றான் செல்வம்.

வரதன் முகம் சுண்டிப்போயிற்று. தூக்குகளின் மூடியை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுப் பெட்டியைச் சாத்தினான்.

யோசனை என்னுடையது. இதுவரை எனக்கு நானே செல்வத்தின் தலையில் கட்டித்தான் சொல்லிவந்திருக்கிறேன்; இன்று உள்ளதைச் சொல்கிறேன். முக்கொம்பு தாண்டி ஒரு வளைவில் நாங்கள் இரண்டு பேரும் வாழைத்தோப்புக்குள் வண்டியை இறக்கி என்ஜினை அணைத்தோம். ஐந்தாறு நிமிஷத்தில் புல்லட் வரும் சத்தம் கேட்டது. வழக்கமான நிதானச் சத்தம் இல்லை. எங்களைப் பிடிப்பதற்காக ஆக்சிலரேட்டரை முறுக்கிக்கொண்டு, அவனுக்குப் பழக்கமில்லாத வேகத்தில் போனான். இலைகளுக்கு நடுவே அவன் முதுகு தெரிந்தது. செல்வம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். குளித்தலையில் யாரும் இல்லாமல் திருதிருவென்று விழிக்கப்போகிறான், அங்கிருந்து கரூருக்கும் ஓடுவான் என்பதுதான் வேடிக்கை. நாங்கள் வண்டியைத் திருப்பித் திருச்சிக்கு வந்து, பரோட்டா தின்றுவிட்டு, மாட்டினி பார்த்தோம்.

பெட்டவாய்த்தலை தாண்டி ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். அறுவடைக்குப் பிறகு எல்லா ஊரிலும் செய்வதுதான். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்துக் காயிலிருந்து உளுந்தைப் பிரித்துக் கொடுக்கும். காய்ந்த செடிமேல் இரண்டு சக்கர வண்டி எண்ணெயில் வைத்த கால் மாதிரி வழுக்கும் என்பது அந்த ரோட்டில் போகிற எல்லோருக்கும் தெரியும். வரதனுக்கும் தெரியும். மற்ற நாளாயிருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டே போயிருப்பான். அன்று அவனிடம் பத்து நிமிஷம்தான் இருந்தது. களத்து வேலைக்கு நின்ற பெண்கள்தான் புல்லட்டுக்கு அடியிலிருந்து அவனை இழுத்துப் போட்டு, ஒரு லாரியை நிறுத்தி ஏற்றிவிட்டார்களாம். நாங்கள் திருச்சியில் பரோட்டா தின்றுகொண்டிருந்த நேரமாக இருக்கும்.

சாயங்காலம் கேலி செய்யலாம் என்று அவன் வீட்டுக்குப் போனோம். மாமி வாசலிலேயே நின்றிருந்தார். “எங்கேடா அவன்? உங்களோடதானே வந்தான்?” என்று கேட்டார். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று இன்றுவரை நினைவுக்கு வரவில்லை. நாங்கள் அங்கே நிற்கும்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தான்.

வலது முழங்கால் நொறுங்கிப்போயிருந்தது. மறுநாள் கட்டிலருகே நின்றேன். வரதன் என்னைப் பார்த்ததும், “ரொம்ப நாழி காத்துண்டிருந்தேளா?” என்று கேட்டான். “நீங்க முன்னாடி போய்ட்டேள்னு வெரட்டிண்டு வந்தேன்டா. சாப்பாடெல்லாம் ரோட்டுல போயிடுத்து. பட்டினி போட்டுட்டேன். மன்னிச்சுக்கோ.”

வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன் என்று சத்தியம் செய்யக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. “ஆமா வரதா, குளித்தலையில ரொம்ப நேரம் காத்திருந்தோம்” என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டான்.

பங்குனித் திருவிழாவில் அவன் தோள் இல்லாமலே பெருமாள் புறப்பட்டார். முழங்கால் கட்டையாக நின்றுவிட்டது. மடங்காத காலோடு யாரும் பல்லக்குக்குத் தோள் கொடுக்க முடியாது. வீதி ஓரத்தில் கக்கத்துக் கட்டையை ஊன்றி நின்று அவன் சேவித்தான். பல்லக்கு பாம்பு நடையில் நெளிந்து வந்தபோது அவன் நல்ல கால் மட்டும் தாளத்துக்கு மடங்கி மடங்கி நிமிர்ந்தது. பக்கத்தில் நின்ற நான் அதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஸ்ரீரங்கம் போவதைக் குறைத்தேன். வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் முதல் ஆளாக மனுப்போட்டேன். பிழைக்கப் போனேன் என்று பொன்மலையில் சொல்லிக்கொள்கிறார்கள். நான் தப்பித்து ஓடினேன்.

இனி போன இலையுதிர் காலத்துக்கு வருகிறேன். மலையில் ஓர் இடத்தில் ரோடு இரண்டாகப் பிரியும். நான் என் சோபாவில் நிதானமாக வந்து சேர்ந்தால் அங்கே யாரும் இல்லை. ஊவேயும் இல்லை, டீட்டரும் இல்லை. அடடா, என்று சிரித்தேன். இத்தனை வருஷம் நல்லவன் வேஷம் போட்டுவிட்டு இன்றைக்குத்தான் வாழைத்தோப்புக்குள் இறங்கியிருக்கிறீர்களா? நான் விரட்டிக்கொண்டு வருவேன் என்று மறைவிலிருந்து பார்க்கிறீர்களா? என்னிடமா? வண்டியை அணைத்துவிட்டு மைல்கல்லில் உட்கார்ந்தேன். பெட்டியைத் திறந்து என் ரொட்டியைத் தின்றேன். பிறகு வேண்டுமென்றே ஊவேயின் ரொட்டியையும் எடுத்தேன்.

முக்கால் மணி கழித்து டீட்டர் வந்தார். கையுறை இரண்டிலும் ரத்தம். வலது பக்க ரோட்டில் மூன்றாவது வளைவில் ஊவே பாறையில் மோதிக் கிடந்தான். பிரிவில் எனக்காக நின்றிருந்த டீட்டர் சத்தம் கேட்டு ஓடியிருக்கிறார். ஊவேயின் கிழிந்த கையைக் கையுறையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கட்டுத் துணி இருக்கும் என் பெட்டிக்காக, இதோ வருவான் இதோ வருவான் என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மரம் ஏற்றிய ஒரு லாரி வந்து அதன் டிரைவர் கையை மாற்றிப் பிடித்த பிறகுதான் அவரால் எழுந்து வர முடிந்தது. என் வாயில் ஊவேயின் ரொட்டி இருந்தது.

ஊவே பிழைத்துக்கொண்டான். ஆனால் கிளட்ச் பிடிக்கிற கையில் இரண்டு விரல் மடங்காது. இனி வண்டி இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் டீட்டரிடம், “நான் வராமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்” என்று திக்கித் திணறிச் சொன்னேன். குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்று எனக்குத் தோன்றியது. அவர் என் தோளைத் தட்டினார். “ரிஹ்டிஷ்” என்றார். சரிதான். பிரிவில் ஆள் இல்லையென்றால் அங்கேயே நிற்க வேண்டும், அதுதான் ஒழுங்கு. வழிக்கு ஓர் அடையாளம் வைக்காமல் ஓடியது தன் தப்பு, மன்னித்துவிடு என்றார். என்னிடம் இருந்த ஜெர்மன் அதற்குமேல் போதவில்லை. போதவில்லை என்பதில் எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. இந்த நாட்டிலும் தப்புச் செய்தவன் நான், மன்னிப்புக் கேட்டது இன்னொருவர்.

வரதன் மாதம் ஒரு கடிதம் போடுகிறான். ‘அங்கே மலை ரோடெல்லாம் எப்படி? நீ சாயறச்சே ஜாக்கிரதை’ என்று எழுதுகிறான். நான் பனியைப் பற்றியும் ரொட்டியைப் பற்றியும் பதில் எழுதுகிறேன். இந்தப் பத்திரிகையை ஸ்ரீரங்கத்து வாசகசாலையில் வரி விடாமல் படிக்கிறான் என்று தெரியும். அதனால்தான் ஆசிரியர் வெளிநாட்டு அனுபவம் எழுதச் சொன்னதும் ஒப்புக்கொண்டேன். அவனுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுத எனக்குத் தைரியம் இல்லை. நாலு பேர் நடுவில் நீட்டிய காலோடு உட்கார்ந்து அவன் இதைப் படிக்கப் போகிறான் என்பதும் தெரியும். அதிலும் நான் மாறவில்லை, பாருங்கள்.

இங்கே ஞாயிறு வந்தால் இன்னும் நான்தான் கடைசி. டீட்டர் பிரிவில் நின்று என் விளக்கைத் தேடுகிறார். முன்னால் நிற்கிற அவரைப் பார்க்காமல் என் கண் கண்ணாடியில் பின் ரோட்டைப் பார்க்கிறது. உடம்பு இந்த மலையில் ஏறிக்கொண்டிருக்கிறது. நான் மட்டும் முக்கொம்புக்கு மேற்கே வாழை இலைகளுக்குள் என்ஜினை அணைத்துவிட்டு நின்றுகொண்டிருக்கிறேன். புல்லட் சத்தம் கடந்து போகிறது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

வரதா, குளித்தலையில் யாரும் காத்திருக்கவில்லை.