காசிமேட்டு அபேட்சகர்

துறைமுகத்துச் சுவர் கடலுக்குள் நீண்ட பிறகு, கடல் எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது காசிமேட்டில் எங்கள் வீட்டுக்கு முன்னால் இரண்டு வரிசைக் குடிசைகள் இருந்தன. சில வருஷத்தில் ஒன்றுகூட இல்லை. கரையில் கருங்கல் கொட்டினால் நிற்கும் என்று குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். கொட்டச் சொல்ல வேண்டிய கார்ப்பரேஷன் கவுன்சிலருக்கு மட்டும் தெரியவில்லை. விறகு விற்கிற விறகுத்தொட்டிக்கு முதலாளி அவர்; ராயபுரத்தில் மெத்தை வீடு. கடற்காற்று அவருக்கு ஆகாதாம்!

அதனால்தான் என் வீட்டுக்காரர் தேர்தலில் நின்றார். அப்போது வேட்பாளரை அபேட்சகர் என்பார்கள். கட்டுமரக்காரர் மகன், பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் படித்துவிட்டுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். வரி கட்டுகிற வீடு இருந்தால்தான் ஓட்டு. நிற்கவும் அது வேண்டும். குப்பத்தில் மாமனார் கட்டிய எங்கள் செங்கல் வீடு ஒன்றுதான் அப்படி. குடிசைக்காரர்களுக்கு ஓட்டே கிடையாது, ஆனாலும் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். ஓட்டு வைத்திருந்தவர்களின் தெருக்களுக்கு அவர் தனியாகத்தான் நடந்து போய்க் கும்பிட்டு வந்தார், பாவம்.

மனுக் கொடுத்த வாரம் கடல் பொங்கியது. வாசற்படி போயிற்று.

"கதவையும் ஜன்னலையும் பேத்து எடுத்துகினு எங்கம்மா வூட்டுக்குப் போலாம் வா" என்று கத்தினேன்.

"இன்னாமே பேசறே? மனுவைப் பாத்து முடிவு சொல்றதுக்குள்ள வூட்டை வுட்டுப் போனா நான் நிக்கவே முடியாது."

"புள்ளைங்க செத்தா நின்னு இன்னா பண்ணப் போறே?"

அவர் சாக்கில் மணலைக் கட்டி வாசலில் அடுக்கினார். குப்பமே வந்து கூட அடுக்கியது. மறுநாள் விடிந்ததும் முன்சுவர் சாய்ந்தது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினோம். மதியத்துக்குள் மிச்சமும் விழுந்துவிட்டது.

மனுப் பரிசீலனைக்கு ஈர வேட்டியோடு போனார். நானும் பின்னாலேயே போனேன். விறகுத்தொட்டிக்காரரின் வக்கீல் எழுந்து, மனுவில் காட்டிய வீடு இப்போது இல்லை என்றார். தேர்தல் ஆபீசர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"வீடு எங்கே இருக்கிறது?"

"கடல்ல கீது சார். அதுக்குத்தானே நிக்கறேன்."

ஆபீசர் நல்ல மனுஷர்தான். தலையைக் குனிந்துகொண்டே தள்ளுபடி என்றார். எதிர்க்க ஆளில்லாமல் விறகுத்தொட்டிக்காரரே மறுபடி கவுன்சிலர் ஆனார்.

ஜெயித்த ஜோரில் ஒருநாள் ஜட்காவில் கரைக்கு வந்தார். என் வீட்டுக்காரர் வெட்கத்தை விட்டுக் கும்பிட்டு, கருங்கல்லைக் கேட்டார்.

"கல்லா? இங்கே காப்பாத்த வீடு ஏதுப்பா? வரி கட்டுற வீடு ஒண்ணுகூட இல்லியே."

எங்களுக்குப் பின்னால் மீதிக் குடிசைகளில் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. "அப்போ இதுல கீறவங்கள்லாம் இன்னாய்யா, நண்டா?" என்று கேட்டேவிட்டேன். அவர் செருப்பிலிருந்த மணலைத் தட்டிவிட்டு ஜட்காவில் ஏறினார்.

"வுடு மே" என்றார் என் வீட்டுக்காரர். கல் வரவில்லை. அடுத்த மழைக்காலத்தில் அந்தக் குடிசைகளும் போயின.