கடல் தெரியாது என்று சொன்னவர்

ஜப்பான்காரனிடம் சிங்கப்பூர் விழுந்த சில வாரங்களில் என் வீட்டுக்காரர் மலாக்காவில் காஜா பெராங்கிலிருந்த எங்கள் வீட்டுக்கு நடந்தே வந்து சேர்ந்தார். யாரோ கொடுத்த கைலி இடுப்பில், பாதமெல்லாம் புண். வெள்ளைக்காரன் கடற்படையில் கீழ்நிலை அதிகாரி அவர். சண்டைக்கு முன்பு, லீவில் வரும்போதெல்லாம் மலாக்கா பாடாங் மைதானத்தில் கிரிக்கெட் ஆடுவார். அவர் ஓடிவந்து பந்து போட்டால் எதிரே நிற்கிறவனின் கால் தானாகப் பின்வாங்கும்.

அன்றைக்கே பக்கத்து வீட்டுச் செட்டி அம்மா ஓடி வந்தார். பல தலைமுறையாக மலாக்காவிலேயே இருக்கிற குடும்பம், மலாய்தான் அவருக்கு வீட்டுப் பேச்சு. "பாக்கார், பாக்கார்" என்றார். ஜப்பான்காரன் கண்ணில் படுவதற்குள் எரித்துவிடு என்கிறார். எங்கள் பெட்டியில் வீட்டுக்காரருடைய கடற்படை உடுப்பு இன்னொரு ஜோடி இருந்தது.

எனக்கு மனம் வரவில்லை. கஞ்சி போட்டு நானே தேய்த்த துணி. எவனோ வந்து ஊரைப் பிடித்துக்கொண்டால் நான் ஏன் அதைக் கொளுத்த வேண்டும்? கைச்சின்னத்தைப் பிரித்தெடுத்தேன். பித்தளைப் பொத்தான்களை வெட்டிக் கிணற்றில் போட்டுவிட்டு, சாதாரணப் பொத்தான் தைத்து, கிரிக்கெட் உடுப்புகளோடு மடித்து வைத்தேன். எல்லாம் வெள்ளைதானே.

சோதனைக்கு வந்த ஜப்பான் அதிகாரி அந்தத் துணியைத் தூக்கிப் பார்த்தான். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் மலாயில் கேட்டார்: "இது என்ன உடுப்பு?"

"பந்து விளையாடுற உடுப்பு" என்றேன்.

அதிகாரி பேஸ்பால் ஆடுகிறவனாம். நிஜமா என்று பார்க்க, எங்களைப் பக்கத்து வெற்று நிலத்துக்குக் கூட்டிப்போனான். மரவள்ளிக் குச்சிகள் மூன்றை நட்டு, எங்கள் மட்டையை அவனே பிடித்துக்கொண்டான். மொழிபெயர்ப்பாளர் என் காதருகே வந்தார். "மெதுவாப் போடச் சொல்லும்மா. அவரு தோத்தா உங்களுக்குத்தான் ஆபத்து."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"எப்பவும் போடுற மாதிரியே போடுங்க" என்றேன்.

பேஸ்பாலில் பந்து தரையில் படாமல் வருமாம்; இது தரையில் குத்தி எழும்பும் என்று அதிகாரி எதிர்பார்க்கவில்லை. குச்சி பறந்தது. மறுபடி நட்டான், மறுபடி பறந்தது. மட்டையை எறிந்துவிட்டு அவர் கன்னத்தில் அறைந்தான். பிறகு என் கன்னத்திலும். நான் கன்னத்தைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை.

இவ்வளவு பலமுள்ளவன் மூட்டை தூக்கட்டும் என்று மறுநாளே அவரைத் துறைமுகத்துக்கு இழுத்துப்போனார்கள். அங்கே ஒரு அறிவிப்பு: படகு ஓட்டத் தெரிந்தவர்கள் முன்னால் வரலாம், அரிசியும் துணியும் உண்டு. இந்தக் கரையோரத்து மணல் திட்டெல்லாம் அவருக்கு அத்துப்படி. "கடல் எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு மூட்டைக்குக் குனிந்தார்.

புக்கிட் ரம்பாயிலிருந்து என் தம்பி வந்தான். "அக்கா, மச்சான கடல் தெரியும்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லு. பிள்ளைங்க எலும்பா நிக்குதுங்க."

"கிழங்கு இருக்கு, தின்னுக்குவோம். அவனுங்களுக்கு வழி காட்டி வர்ற சோறு எங்களுக்கு வேணாம்."

என் பங்குக் கிழங்கைப் போட்டும் பிள்ளைகளுக்குப் பசி அடங்கவில்லை. இருந்தாலும் படகுக்குப் போங்கள் என்று அவரிடம் நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

ஒரு சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தார். அவர் சிரித்து எவ்வளவோ காலமாகியிருந்தது. "இன்னைக்கு அவனுங்க படகு மணல் திட்டுல ஏறி மாட்டிக்கிச்சு. அந்தப் பக்கம் போகும்போதே எனக்குத் தெரியும். மூட்டையத் தூக்கிக்கிட்டே பாத்தேன்." அன்று கிழங்கு கூட ருசித்தது.

சண்டை முடிந்ததும் கடற்படை அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஆனால் மூட்டை தூக்கித் தூக்கி வலது தோள் கெட்டுப்போயிருந்தது. வேகமாகப் பந்து போட முடியவில்லை. பாடாங்கில் பார்த்தவர்கள் என்னிடம் வந்து உச்சுக் கொட்டினார்கள். "பாவம், எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரர்!"

"பாவம் எல்லாம் ஒண்ணும் இல்ல" என்றேன். "அவரா முடிவு பண்ணித் தூக்குன மூட்டை அது."

மெதுவாகச் சுழற்றிப் போட அவர் புதிதாகப் பழகினார். முதல் ஆட்டத்தில் அவர் பந்தை அடித்து நொறுக்கிவிட்டார்கள். அடுத்த லீவிலும் போய் அணித் தலைவரிடம் பந்தைக் கேட்டு வாங்கினார்.