மேஸ்திரியை மேயர் ஆக்கினேன்

2004 கோடையில், மரக்காணம் உப்பளத்தில், வேலை செய்த அத்தனை பேருக்கும் முன்னால் ஒருவன் என் அம்மாவைப் போல நடந்து காட்டினான்.

அம்மாவுக்கு இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். இருபது வருஷம் உப்புக் கூடை தூக்கியதில் வந்தது. வலது காலை எடுத்து வைத்து இடது காலை இழுத்துக்கொண்டு நடப்பாள். அன்றைக்கு நான் சோற்றுத் தூக்கோடு உப்பளக் கரைமேல் வந்துகொண்டிருந்தேன். மேஸ்திரி, துண்டைத் தலையில் சும்மாடாகக் கட்டிக்கொண்டு, கூடையே இல்லாமல், அம்மாவுக்குப் பின்னாலேயே அந்த நடை நடந்தான். அவனுக்கு நல்ல மிமிக்ரி வரும். சாய்வு, இழுப்பு, நடுவில் அம்மா நின்று மூச்சு வாங்குவது, எதையும் விடவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். அம்மா திரும்பிப் பார்த்து, என்ன என்று தெரியாமல், அவளும் சிரித்தாள். அப்புறம்தான் அவளுக்குப் புரிந்தது.

அவன் சிரித்து முடித்துத் தொண்டையைச் செருமினான். "ம்க்கும். வேகமா நடந்தா நான் ஏன் நடந்து காட்டுறேன்? புரியுதா, புரியலையா, ரெண்டுல ஒண்ணு சொல்லு."

எந்தப் பேச்சையும் அவன் இப்படித்தான் ஆரம்பிப்பான், இப்படித்தான் முடிப்பான். நேரில் எல்லோரும் அவனை 'அவர்' என்றுதான் சொல்வோம். இங்கே எழுதும்போது எனக்கு அவன் 'அவன்'தான்.

அடுத்த வாரத்திலிருந்து எங்கள் தெருப் பிள்ளைகள் அம்மாவுக்குப் பின்னால் அந்த நடை நடந்தார்கள். அவர்களை நான் விரட்டுவேன், அம்மா என்னைத் தடுப்பாள். "விடுடி. சின்னப் பசங்க. அவன் கத்துக் குடுத்தான், இதுங்க செய்யுது."

அந்த வருஷக் கடைசியில் சுனாமி அலை வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. மழைக்காலம் என்பதால் உப்பளத்தில் வேலை இல்லை. மூடி வைத்த உப்புக் குவியல்களுக்கு ஓலை மாற்ற அம்மாவும் இன்னும் நான்கு பெண்களும் மட்டும் போயிருந்தார்கள். மேற்பார்க்க மேஸ்திரி பைக்கில் வந்திருந்தான். முகத்துவாரத்துப் பக்கமிருந்து சத்தம் கேட்டதும் முதலில் பார்த்தவனும் அவன்தான். ஒரு வார்த்தை சொல்லாமல் பைக்கை உதைத்தான். பெண்கள் கரைமேல் ஓடினார்கள். அம்மாவால் ஓட முடியவில்லை.

"மேஸ்திரி, என்னையும் ஏத்திக்கங்க!" என்று அம்மா கத்தியிருக்கிறாள். அவன் அவளைத் தாண்டித்தான் போனான். பின் சீட் காலி. இரண்டு பெண்கள் திரும்பி வந்து அம்மாவை ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஏறினார்கள். தண்ணீர் அவர்கள் இடுப்பு வரை வந்து வடிந்தது. ஐந்து பேரும் பிழைத்தார்கள். பக்கத்தில் அனுமந்தைக் கரையில் எல்லோரும் அப்படிப் பிழைக்கவில்லை.

மத்தியானம் அவன் திரும்பி வந்தான். காலில் ஒற்றைச் செருப்பு. "நான் ஓடலை. ஆள் கூட்டிட்டு வரப் போனேன்" என்றான். கூட ஆள் யாரும் இல்லை. அவன் கடலைவிட்டு வெகு தூரம் உள்ளே, பிரம்மதேசத்தில், கோயில் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. தை பிறந்தால் அவன்தான் வேலைக்கு ஆள் எடுப்பான்.

நான் புதுச்சேரியில் தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு, 2005 தொடக்கத்தில் சென்னை வடபழனியில் ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். வெளிநாட்டுக் கார்ட்டூன் ஒன்றுக்குத் தமிழ் வசனம் எழுதும் வேலை. பெரியவர்களும் பார்க்கிற நகைச்சுவைத் தொடர். ஒரு குடும்பம், ஒரு ஊர், அந்த ஊருக்கு ஒரு மேயர். ஒவ்வொரு வாரமும் டேப்போடு ஒரு தாள் கட்டு வரும். இந்தக் காட்சி அவர்கள் ஊர்ப் பழைய படத்தைக் கிண்டல் செய்கிறது, இந்த வரி ஒரு விளம்பரத்திலிருந்து, இந்தத் தொப்பி ஒரு பாடகருடையது என்று ஜோக்குக்கு ஜோக் விளக்கம் எழுதியிருக்கும். ஒன்றுகூட எனக்குத் தெரியாது. பார்க்கப்போகிறவர்களுக்கும் தெரியாது.

"விளக்கத்தைத் தூக்கிப் போடும்மா" என்றார் எங்கள் மூத்த எழுத்தாளர். "அவன் ஊர் சிரிப்பை எடுத்துட்டு நம்ம ஊர் சிரிப்பை வை. வாய் அசையற அளவு மட்டும் பார்த்துக்கோ."

அப்படித்தான் செய்தோம். அவர்களுடைய காலை உணவு விளம்பரம் எங்களிடம் ரேஷன் கடை பாமாயில் ஆனது. பனியில் ஒரு பையன் ஆடும் பழைய படத்து ஆட்டத்துக்கு, புட்போர்டில் தொங்குகிறவர்களை உள்ளே தள்ளும் பஸ் கண்டக்டரின் குரலைப் போட்டோம். தேர்தல் ஜோக் ஒன்றில் மேயரை, "டிவி இல்லாத வீட்டுக்கெல்லாம் ரிமோட் இலவசம்!" என்று சொல்லவைத்தேன். அது ஸ்டுடியோவில் எல்லோருக்கும் பிடித்துப்போனது.

இவை ஊருக்கான ஜோக்குகள். எங்களுக்கு மட்டுமான ஜோக்குகளும் இருந்தன. மூத்த எழுத்தாளர் தன் வீட்டு ஓனர் பேசுவதை அப்படியே கார்ட்டூனில் வரும் கிளிக்குக் கொடுத்திருந்தார். வாரா வாரம் அந்தக் கிளி, "தண்ணி மோட்டாரை யாரு போட்டது?" என்று கத்தும். பார்க்கிறவர்கள் சும்மா சிரிப்பார்கள். ஸ்டுடியோவில் நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அந்த ஓனரும் தன் வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான் என்று அவர் சொன்ன அன்றைக்குத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

மேயர் குண்டாக இருப்பார். பெரிய மீசை, வாயே தெரியாது. அதனால் அவரை எதை வேண்டுமானாலும் பேசவைக்கலாம். ஒரு காட்சியில் அவர் மேடையில் சும்மா நிற்பார். அங்கே 'ம்க்கும்' என்று எழுதினேன். பேச்சு முடிகிற இடத்தில், "புரியுதா, புரியலையா, ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்று எழுதினேன்.

மேயருக்குக் குரல் கொடுத்தவர் புராணத் தொடர்களில் தேவர்களுக்குப் பேசிய மனிதர், மிகவும் சாது. இரண்டு முறை பேசிப் பார்த்துவிட்டு மைக்கை விட்டு வெளியே வந்தார். "இந்த ஆள் எப்படிப் பேசுவான்னு எனக்குப் பிடிபடலையே. நீங்க ஒரு வாட்டி பேசிக் காட்டுங்களேன்."

பேசிக் காட்டினேன். செருமல், இழுவை, கடைசியில் குரலைத் தாழ்த்தி மிரட்டுவது, எல்லாம் வந்தது. ஸ்டுடியோ சிரித்தது. அவனிடம் இருந்த வித்தை என்னிடமும் இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

தொடர் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு வந்தது. அம்மாவோடு வேலை செய்யும் ஒருத்தி வீட்டில் கலர் டிவி. மறுநாள் அம்மா பெட்டிக்கடை காயின் போனிலிருந்து கூப்பிட்டாள். மூச்சு வாங்கச் சிரித்தாள். "அடியே, அவனேதான்! நாங்க எல்லாரும் கையைத் தட்டிட்டோம். ஆனா ஒண்ணு விட்டுட்ட. பேச்சுக்கு நடுவுல மூக்கை உறிஞ்சுவான், அதைப் போடலையே?"

அடுத்த வாரம் மேயர் மூக்கை உறிஞ்சினார்.

அதன்பின் அம்மாவும் மற்ற பெண்களும்தான் எனக்கு வசனம் கொடுத்தார்கள். அவன் அன்றன்றைக்கு உளறியது திங்களோ செவ்வாயோ போனில் வந்துவிடும். "இன்னிக்கு வெயிலைப் பார்த்து, 'நான் சொல்ற வரைக்கும் குறையாதே'ன்றான்டி!" அதுவும் மேயர் வாயில் போனது. அப்படியே இரண்டு மாதம் ஓடியது. ஒரு நாள் அம்மாவின் குரல் வேறு மாதிரி இருந்தது.

"அவன் ரசிச்சுப் பார்க்கிறான்டி."

"யாரு?"

"மேஸ்திரிதான். வாரம் தவறாம பார்க்கிறானாம். இன்னிக்கு உப்பளத்துல நின்னு மேயர் மாதிரி பேசிக் காட்டுறான், எங்களுக்கே! நல்லா பேசறேனான்னு கேட்கிறான். நாங்க என்னத்தைச் சொல்றது?"

ஊரையெல்லாம் நடித்துக் காட்டத் தெரிந்தவனுக்குத் தன்னைத் தெரியவில்லை. மரக்காணத்தில் எல்லோருக்கும் விளங்கிய ஜோக், யாருக்காக எழுதினேனோ அவனுக்கு மட்டும் விளங்கவில்லை. அவன் சந்தோஷமாக இருந்தான். அதை என்னால் தாங்க முடியவில்லை.

அவனுக்கு விளங்குகிற மாதிரி எழுத ஒரே ஒரு விஷயம் இருந்தது.

2006 தொடக்கத்தில் ஒரு டேப் வந்தது. பழைய பூதப் படம் ஒன்றைக் கிண்டல் செய்யும் கதை. ராட்சதச் சேவல் ஒன்று ஊருக்குள் வருவதாக வதந்தி கிளம்பும், மேயர் ஸ்கூட்டரில் ஏறி முதல் ஆளாக ஓடுவார். சாலையோரம் ஒரு கிழவி கையை ஆட்டுவாள். தாளில் அவளுக்கு வசனமே இல்லை. நான் எழுதினேன். அலையைப் பற்றியோ தண்ணீரைப் பற்றியோ ஒரு சொல் வராமல் பார்த்துக்கொண்டேன். எங்கள் கரையில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களும் இதைப் பார்ப்பார்கள்.

கிழவி: "மேயர், என்னையும் ஏத்திக்கங்க!"

மேயர்: "ம்க்கும். நான் ஓடலை. ஆள் கூட்டிட்டு வரப் போறேன். புரியுதா, புரியலையா, ரெண்டுல ஒண்ணு சொல்லு!"

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். அந்தக் கலர் டிவி வீட்டில் அலையன்றைக்கு ஓடிய ஐந்து பெண்களும் இருந்தார்கள். அந்தக் காட்சி வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மாவை இழுத்துக்கொண்டு ஓடியவர்களில் ஒருத்தி, "அப்படியேதான் கத்தின" என்று மட்டும் சொன்னாள். அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

மறுநாள் காலை அவன் எங்கள் வாசலுக்கு வந்தான். பைக்கைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தான்.

"எழுதினது யாரு?"

"நான்தான்" என்றேன்.

"என் பொண்ணு கேட்குறா. ஆள் கூட்டிட்டு வந்தியாப்பான்னு கேட்குறா. டிவி முன்னாடி பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் இருக்குது. நான் என்ன பதில் சொல்றது?"

எனக்கு அவன்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருந்தது. இதையும் உள்ளபடியே எழுதிவிடுகிறேன்.

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். காலை இழுத்துக்கொண்டு, அவசரப்படாமல், அவன் முன்னால் வந்து நின்றாள். "மேஸ்திரி, என்னை மாதிரி நடந்து காட்டுவீங்களே. இப்ப ஒரு வாட்டி நடங்க. பார்க்கலாம்."

அவன் கால் அசையவில்லை.

"நடங்க. தெருவுல ஆள் இருக்குது, சிரிப்பாங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "பயந்துட்டேன்மா" என்றான். செருமாமல் அவன் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். "திரும்பிப் பார்க்கணும்னுதான் இருந்துச்சு. பயந்துட்டேன்."

"நாங்களும்தான் பயந்தோம்" என்றாள் அம்மா. "போங்க."

அவன் போனான். அம்மாவை அடுத்த நாளிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று ஆள் விட்டுச் சொல்லியனுப்பினான். அம்மா பக்கத்து உப்பளத்துக்குப் போனாள். அந்த மாதமே மற்ற நான்கு பேரும் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டார்கள். மேஸ்திரி கரைமேல் வந்து நின்றாலே யாராவது, "ஆள் கூட்டிட்டு வந்தாச்சா?" என்று கேட்டார்கள். அந்தக் கோடையைத் தாண்டி அவன் அங்கே இருக்கவில்லை. வேதாரண்யத்துப் பக்கம் ஏதோ உப்பளத்துக்குக் குடும்பத்தோடு போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். அந்தச் செய்தி வந்த அன்று ஸ்டுடியோவில் எல்லோருக்கும் நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவன் வாசலில் நின்று சொன்ன அந்த வார்த்தை என் காதில் இருந்துகொண்டே இருந்தது. அது அவ்வளவு நல்ல வசனம். ஒரு மாதம் கழித்து மேயர் ஒரு கரப்பான்பூச்சியைப் பார்த்து மேஜைமேல் ஏறுகிற காட்சி வந்தது. "பயந்துட்டேன்மா" என்று எழுதினேன். செருமல் வேண்டாம், மெதுவாகச் சொல்லுங்கள் என்றேன். குரல் கொடுத்தவர் ஒரே டேக்கில் சொன்னார். சவுண்ட் இன்ஜினியர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் எழுதியவற்றில் அவ்வளவு சிரிப்பு வேறு எதற்கும் வந்ததில்லை.

திங்கட்கிழமை அம்மாவின் போன் வரவில்லை. புதன்கிழமை வந்தது.

"அதை ஏண்டி போட்ட?"

"எதைம்மா?"

"அவன் பயந்துட்டேன்னு சொன்னான் இல்ல, அதை. அதை அவன் என்கிட்ட சொன்னான்."

"உனக்காகத்தானே போட்டேன்."

"எனக்காக மத்ததெல்லாம் போட்ட. இது எனக்கு அவன் குடுத்தது. நான் வெச்சிருந்தேன். அதை எடுத்து எல்லாருக்கும் போட்டுக் காட்டிட்ட."

நான் என்னென்னவோ சொன்னேன். அவன் அதற்குத் தகுதியானவன்தான் என்றேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அம்மா அதை மறுக்கவில்லை. வேலைக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டாள்.

புது உப்பளத்து மேஸ்திரி அதிகம் பேசாத ஆள் என்று அம்மா பின்னால் ஒருமுறை சொன்னாள். அதன்பின் அவளிடமிருந்து வசனம் வரவில்லை, நானும் கேட்கவில்லை. மேயருக்கு வேண்டியதை வடபழனி டீக்கடையிலும் பஸ்ஸிலும் பொறுக்கிக்கொண்டேன். தொடர் அந்த வருஷம் முழுக்க ஓடியது. ஞாயிறு ஆறு மணிக்கு அம்மா கலர் டிவி வீட்டுக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். அந்த நேரத்துக்கு மறுநாளைக்கு மாவு அரைக்கப் போய்விடுகிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.